அந்தப் பதிலைப் பொதுவில் எழுதிவை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு நீ எழுதிய பில்லிங் மென்பொருளைப் பார்த்தேன். ரசீதில் தமிழ் ஒழுங்காக விழுகிறது, எடை மில்லிகிராம் வரை சரியாக வருகிறது. ரொம்ப சந்தோஷம். ஆனால், "ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை எல்லாம் இப்போ யாருண்ணா பார்க்கிறாங்க?" என்று கேட்டாயே, அது மனதை விட்டுப் போகவில்லை.

நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டு, ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் இணையதளம் அது. 2008-இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கினார்கள். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருப்பவனுக்குக் கிடைத்த அதே பதில், சேலத்தில் ஒற்றைக் கணினியோடு உட்கார்ந்திருந்தவனுக்கும் காசில்லாமல் கிடைத்தது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கணினியில் ஏன் மிகச் சரியாக 0.3 வருவதில்லை என்ற கேள்விக்கு அங்கே இருக்கும் விளக்கத்தைத் தேடிப் படி. வெள்ளி எடையை நீ மில்லிகிராமில் முழு எண்ணாக வைத்திருப்பதற்கான காரணம் முழுக்க அதில் இருக்கிறது.

அங்கே இப்போது கூட்டம் குறைந்ததற்கு எல்லாப் பழியையும் சாட்ஜிபிடி மேல் போட முடியாது. 2014 வாக்கிலேயே கேள்விகள் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கிவிட்டன. புதிதாக வந்த பிள்ளை தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டால், 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று மூடிவிடுவார்கள். அந்தக் கறார்தான் நல்ல பதில்களைச் சேர்த்தது, ஆட்களை விரட்டியதும் அதுதான். 2021-இல் புரோசஸ் நிறுவனம் 180 கோடி டாலருக்குத் தளத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2024 மே மாதம், தளத்தில் இருக்கும் பதில்களைப் பயன்படுத்திக்கொள்ள, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயுடன் ஒப்பந்தம் போட்டார்கள். கோபத்தில் தங்கள் பதில்களை அழிக்கப்போன சிலரின் கணக்குகளை முடக்கினார்கள். கூலி வாங்காமல் உழைத்தவர்களிடம் அப்படி நடந்துகொண்டது அநியாயம்.

சாட்பாட்டிடம் கேட்பது தப்பில்லை. திட்டாமல், மூடாமல் பதில் சொல்கிறது. ஆனால் அந்தப் பேச்சு உன் திரையோடு முடிந்துபோகிறது. ரசீது அடிக்கும் தெர்மல் பிரிண்டரில் தமிழ் கட்டம் கட்டமாக விழுந்தபோது அது சொன்ன எந்த வழியும் சரிப்படவில்லை என்று நீதானே சொன்னாய்? கடைசியில் ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றி அனுப்பிச் சரிசெய்தாய். இன்றைக்கு லீ பஜாரில் ஏதோ ஒரு மண்டிக்கு பில் போட்டுக்கொடுக்கும் பையன் அதே கட்டங்களைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கலாம். அவன் எங்கே போய்த் தேடுவான்?

ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளுக்கு அந்தத் தளத்தில் தனிப் பதிப்பு உண்டு, தமிழுக்கு இல்லை. நம் எழுத்துச் சிக்கலை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

அதனால் ஆங்கிலத்திலேயே கேள்வியாகப் போடு. பதிலையும் நீயே எழுதலாம், அதற்கு அங்கே அனுமதி உண்டு. 58 மி.மீ. தாளில் அகலம் 384 புள்ளி, எந்த எழுத்துருவில் எந்த அளவில் கொம்பும் கொக்கியும் உடையாமல் வந்தது, எல்லாவற்றையும் சொல். யாராவது மூடினால் எனக்குத் தகவல் கொடு, மறுபடி திறக்க வாக்குப் போடுகிறேன். அப்புறம் அந்த நிரலை, நிரல்களைப் பொதுவில் பகிரும் தளமான கிட்ஹப்பிலும் ஏற்றி, விளக்கத்தைத் தமிழில் எழுது. வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் படித்துப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்