இரண்டையும் படி, மலர்

அன்புள்ள மலருக்கு,

மாமா எழுதுகிறேன். போன ஞாயிறு அஸ்தம்பட்டி வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, "எம்.ஏ. தொல்லியலா, மொழியியலா, ஒன்றைச் சொல்லு" என்று நெருக்கியபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டையும் படி, கண்ணு.

மாங்குளம் மாதிரி பாண்டிநாட்டுக் குகைகளில் பிராமி என்ற பழங்கால எழுத்தில் வெட்டியிருப்பது எந்த மொழி என்பது வெகுநாள் பிடிபடாமல் இருந்தது. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதில் ழ, ள, ற, ன இருப்பதைக் காட்டி, இது தமிழ் என்றார். மலையேறிப் படியெடுத்தவர்கள் பலர். ழகரத்தை அடையாளம் காண மொழியறிவு வேண்டியிருந்தது.

நொய்யல் கரைக் கொடுமணலையே எடுத்துக்கொள். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களும் உண்டு, வடக்கே அந்தக் காலத்தில் வழங்கிய பிராகிருத மொழிப் பெயர்களும் உண்டு. ஓட்டின் காலத்தை மண்ணடுக்கு சொல்லும். பெயர் எந்த மொழி என்பதை அதன் விகுதியும் ஒலியும் சொல்லும். ஆனால் பிராகிருதப் பெயர் வைத்தவர் வீட்டிலும் பிராகிருதம்தான் பேசினாரா? நம் வீட்டிலேயே பாதிப் பேருக்கு வடமொழிப் பெயர், பேசுவது தமிழ். இந்த நிதானம் இரண்டையும் படித்தவர்களுக்குச் சீக்கிரம் வரும்.

நம்ம மலைக்கே வா. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசியில் குடியேறியது ஏற்காட்டில்தான். சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. மலைமக்கள் அவற்றைப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். கல்லின் வயதைத் தொல்லியல் கணிக்கும். சரி, அந்தக் கல்லை இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) தங்கள் பேச்சில் எப்படிக் குறிப்பிட்டார்கள், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இதைக் கேட்கத் தெரியாமல் கோடரியை மட்டும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனால் பாதி வரலாறு மலையிலேயே நின்றுவிடும். எனக்கு அதுதான் ஆற்றாமை.

புனே டெக்கான் கல்லூரியில் இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இரண்டும் உண்டு. பட்டம் ஒன்றில் வாங்கினாலும் பரவாயில்லை, மற்றதன் வகுப்பில் போய் உட்காரக் கூச்சப்படாதே. அம்மாவிடம் செலவைப் பற்றி நான் பேசுகிறேன்.

அப்புறம், அடுத்த சனிக்கிழமை வா. காலை முதல் பஸ்ஸில் ஏற்காடு போய், சேர்வராயன் கோயில் பக்கத்து ஊர்களில் பெரியவர்களிடம் பேசிவிட்டு வருவோம். ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொள்.

அன்புடன்,
மாமா