பழைய விமானப் படங்களை அடையாளம் காணும் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். எனவே நேரே படங்களுக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு நேர்ந்த பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: படத்தின் பின்புறம் பென்சிலில் எழுதியிருந்த பெயரை முதலில் படித்துவிட்டோம். 'டைகர் மாத்' (இரட்டை இறக்கைப் பிரிட்டிஷ் பயிற்சி விமானம்) என்று படித்த கண்ணுக்கு அதன்பின் டைகர் மாத்தான் தெரியும். இனி பின்புறத்தின் ஸ்கேன் தனிக் கோப்பில் இருக்கும். பார்ப்பவர்கள் தங்கள் முடிவை எழுதிக் கொடுத்த பிறகே அது திறக்கப்படும்.

அந்த டைகர் மாத் குழப்பத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். தலைகீழாகப் பொருத்திய ஜிப்சி எஞ்சினைப் பார்த்ததும் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதற்கு முன்னோடியான டிஹெச் 60 மாத் விமானத்தின் பிந்தைய வகைகளிலும் அதே அமைப்பு உண்டு. இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் முக்கால் கோணப் படத்தில் ஏமாற்றும். பார்க்க வேண்டியது, மேல் இறக்கையின் நடுப்பகுதியைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகளை, அதாவது தாங்குகம்பிகளை. டிஹெச் 60 மாத்தில் அவை முன் இருக்கையைச் சுற்றி நிற்கும். பெட்ரோல் தொட்டி தலைக்கு மேலே வரும். டைகர் மாத்தில், பாராசூட் கட்டியவர் தடையின்றி வெளியேற, அவற்றை முன்னே தள்ளினார்கள். அதனால் முன்னே போன தூக்குவிசையைச் சமன்செய்யத்தான் இறக்கையைப் பின்னே சாய்த்தார்கள். காரணம் தெரிந்தால் அடையாளம் மறக்காது.

ஹாக்கர் ஹார்ட் என்ற இரட்டை இறக்கைப் பிரிட்டிஷ் போர் விமானக் குடும்பம் இன்னும் மோசம். ஒரே அச்சில் வார்த்த உடன்பிறப்புகள். நீளமான புகைக்குழாயும், தரையிலிருந்து செய்திப் பையைக் கொத்தி எடுக்கும் கொக்கியும் இருந்தால் ஆடாக்ஸ். பின்புறத்தில் சறுக்குக்கட்டைக்குப் பதில் சிறு சக்கரம் இருந்து, பின் இருக்கையின் விளிம்பும் தாழ வெட்டப்பட்டிருந்தால் ஹைண்ட். மேல் இறக்கை சாயாமல் நேராக இருந்தால் ஹெக்டர். புல் உயரமாக வளர்ந்த படத்தில் வால் சக்கரம் மறைந்துபோகும். அப்போது 'ஹார்ட் வகை' என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

போர் விமானத்தின் நாட்டைக் காட்டும் வட்டச் சின்னத்தின் நிறத்தை யூகிப்பதிலும் சறுக்கினோம். ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பை உணராது. அதில் சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளிறியும், மஞ்சள் கருமையாகவும் விழும். பிரிட்டிஷ் சின்னத்தின் நடுப்புள்ளி சிவப்பு, வெளிவளையம் நீலம். பிரெஞ்சுச் சின்னத்தில் நேர்மாறு. கறுப்பாகத் தெரிவதெல்லாம் நீலம் என்று எண்ணிவிட்டால் நாடே மாறிவிடும். எந்தப் பிலிம் என்று தீர்மானிக்காமல் சின்னத்தைத் தொடாதீர்கள்.

பயணிகள், தனியார் விமானங்களின் மேல் எழுதும் பதிவெழுத்து நல்ல சாட்சி, ஆனால் பாதிச் சாட்சி. பிரிட்டனில் 1919 முதல் 'ஜி-இ' என்று தொடங்கிய வரிசை, 1928-ல் 'ஜி-ஏ' ஆனது. ஜெர்மனியில் 1934 வரை 'டி'-க்குப் பின் எண்கள், அதன்பின் நான்கு எழுத்துகள். இவற்றிலிருந்து படம் எந்த ஆண்டுக்கு முந்தியதாகவோ பிந்தியதாகவோ இருக்க முடியாது என்பது மட்டுமே கிடைக்கும். எப்போது எடுத்தது என்பது கிடைக்காது.

பறக்கும் விமானத்தின் விகிதத்தை அளந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கேமராவின் திரை ஷட்டர் பிலிமின் மேல் நகர்ந்து செல்வதால் ஓடும் பொருள் நீண்டோ குறுகியோ சரிந்தோ பதியும். சக்கரம் முட்டை வடிவில் இருந்தால் இறக்கை அளவை நம்ப வேண்டாம்.

கண்ணாடி நெகட்டிவை ஸ்கேன் செய்யும்போது பளபளப்பு குறைந்த பக்கமே ரசாயனப் பூச்சுள்ள பக்கம். அது தெரியாமல் திருப்பி வைத்ததால் சில படங்கள் இடம்வலமாக மாறியிருந்தன. எழுத்தே இல்லாத படமென்றால் அருகில் நிற்கும் ஆணின் கோட்டுப் பொத்தானைப் பாருங்கள்; அது வழக்கத்துக்கு மாறான பக்கத்தில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

முடிவுத் தாளில் இனி 'உறுதி', 'வகை மட்டும்', 'தெரியவில்லை' என மூன்று கட்டங்கள். மூன்றாவதை நிரப்பத் தயங்க வேண்டாம்.

அறிக்கையை ஏற்றருள வேண்டுகிறேன்.

செயலாளர்