கேத்ரின் லெருவாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கேத்ரின்,

பிரெஞ்சுப் போர்ப் புகைப்படக்காரரான உங்கள் மூன்று புகைப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1967 ஏப்ரல் கடைசியில், வியட்நாமின் கே சான் பக்கம் ‘குன்று 881’ என்ற இடத்தில் எடுத்தவை.

முதல் படத்தில் வெர்னன் வைக் என்ற அமெரிக்கப் படையின் மருத்துவ உதவியாளர், குண்டடிபட்டு விழுந்த வீரன்மேல் குனிந்திருக்கிறார். அடுத்ததில் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறார். மூன்றாவதில் தலையை நிமிர்த்துகிறார். துடிப்பு நின்றுவிட்டதென்று அந்த முகமே சொல்லிவிடுகிறது. பின்னால் புகை, மொட்டை மரங்கள். தரையோடு தரையாகக் கிடந்தால்தான் இந்தக் கோணம் கிடைக்கும். அவர்களை நோக்கி வந்த குண்டுகளுக்கு நடுவே நீங்களும் கிடந்திருக்கிறீர்கள்.

செத்தவனைவிட, பக்கத்தில் உயிரோடு இருப்பவனை நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் வேலையிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

1966ல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் வந்து இறங்கியபோது உங்களுக்கு 21 வயது. கையில் ஒரு லைக்கா கேமரா. ஏபி செய்தி நிறுவனம் படத்துக்கு 15 டாலர் தந்தது. பிரான்சிலேயே பாராசூட் பழகியிருந்ததால், 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் 173-ஆவது வான்குடைப் படைப்பிரிவோடு போர்க்களத்தில் குதித்தீர்கள். மே மாதம் மோர்ட்டார் குண்டின் சில்லுகள் உடம்பில் பாய்ந்தன. கேமரா குறுக்கே நின்றதால் உயிர் தப்பியது. குணமானதும் மறுபடி களத்துக்கே போனீர்கள். 1968ல் ஹூவே நகரில் வட வியட்நாம் வீரர்களிடம் சிக்கினீர்கள். பேசியே விடுபட்டதோடு, அவர்களைப் படமும் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். லைஃப் பத்திரிகை அதை அட்டையில் போட்டது. எதிரி என்று மட்டும் கேள்விப்பட்டிருந்த அமெரிக்க வாசகர்களுக்கு அவர்கள் முகம் தெரிந்தது.

அப்புறம் லெபனான். அங்கே உள்நாட்டுப் போரைப் படமெடுத்ததற்காக 1976ல், துணிச்சலான செய்திப் புகைப்படங்களுக்குத் தரும் ராபர்ட் காப்பா தங்கப் பதக்கம். அதை வாங்கிய முதல் பெண் நீங்கள்.

2005ல் வைக்கைத் தேடி அரிசோனா வரை போனீர்கள். படம் அச்சேறியதோடு சரி என்று விட்டிருந்தாலும் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறு வருடமே நுரையீரல் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இன்றும் வியட்நாம் போர்ப் படங்கள் என்று பேச்செடுத்தால் ஆண்களின் பெயர்கள்தான் முதலில் வருகின்றன. எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது. வைக்கின் படத்தைப் பகிர்கிற ஒவ்வொருவரிடமும் உங்கள் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி