தலைமை ஆசிரியர் கடைசி வரிசையில் உட்காரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் எதில் பயிற்சி, அதை எங்கே வைத்துத் தருவது என்பதைக் கட்டுரை தொடவில்லை. கல்லல் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமை ஆசிரியையாக இருந்து 2023-இல் ஓய்வு பெற்றவள் நான். அதனால் எழுதுகிறேன்.

2009-இல் பொறுப்பேற்ற அன்று என் கைக்கு வந்தவை ஒரு சாவிக்கொத்தும் பதிவேடுகளின் பட்டியலும். வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, தளவாடப் பதிவேடு, சத்துணவுக் கணக்கு, சம்பளப் பட்டியல். இவற்றை எழுத வைத்துப் பழக்கினார்கள், நானும் பழகிக்கொண்டேன். அதற்கு முன் 21 ஆண்டுகள் வகுப்பில் நின்று பாடம் நடத்தியிருந்தேன். ஆனால் இன்னொருவர் பாடம் நடத்துவதை எப்படிப் பார்ப்பது, பார்த்த பிறகு அவரிடம் என்ன பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மறு ஆண்டே சமச்சீர் கல்வி வந்தது. அதுவரை மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன. 2010-இல் 1, 6 வகுப்புகளுக்குப் பொதுப் பாடநூல் வந்தது. மற்ற வகுப்புகளுக்கு நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வந்தது. காரைக்குடியில் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளை கையிலும், எங்கள் ஊரில் கட்டட வேலைக்குப் போகிறவரின் பிள்ளை கையிலும் ஒரே புத்தகம். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் புத்தகம் ஒன்றானதும் பாடமும் ஒன்றாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஆகவில்லை. ஒரே பக்கத்தை ஒரு பள்ளியில் பிள்ளைகள் பேசிப் பேசிக் கற்றார்கள், இரண்டு மைல் தள்ளி இன்னொரு பள்ளியில் கரும்பலகையைப் பார்த்து எழுதி முடித்தார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தது ஐந்தாம் வகுப்புப் பின்னப் பாடம். ஒரு நாள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அந்த டீச்சர் பாடக்குறிப்பு நோட்டை எடுத்து நீட்டினார், கேட்பேன் என்று நினைத்து. நானும் அன்று பழைய அதிகாரிகள் செய்ததைத்தான் செய்தேன். கையெழுத்து, குரல், கரும்பலகைத் தேதி என்று எட்டு குறைகளை எழுதி மாலையில் வாசித்தேன். டீச்சர் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவர் பாடம் நடத்துவதிலும் எதுவும் மாறவில்லை.

அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்த முறை டீச்சரைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தேன். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்ற கேள்விக்கு என்னைச் சுற்றி இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் நான்கில் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். மாலையில் டீச்சரிடம் குறை எதுவும் சொல்லவில்லை. "அவங்க ஏன் டீச்சர் அப்படி எழுதுனாங்க?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு பேரும் அரை மணி நேரம் யோசித்தோம். அப்புறம் டீச்சர்தான் சொன்னார்: "அரை, கால்னு கேட்டா தப்பே பண்ண மாட்டாங்க டீச்சர். கடையில வாங்குறாங்கள்ல. மூணுல ஒண்ணுங்கறதுக்குத்தான் அவங்ககிட்ட ஒரு பேரு இல்ல." உண்மைதான். அரைக்கும் காலுக்கும் பிள்ளைகளிடம் ஒரு பொருள் இருக்கிறது. மூன்றில் ஒன்று என்றதும் கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் 3, 4 என்ற எண்களை மட்டும் பார்க்கிறார்கள். நான்கு பெரியது, சரி, எழுதிவிட்டார்கள்.

மறுநாள் பழைய செய்தித்தாளை ஒரே நீளத்தில் வெட்டி, ஒன்றை மூன்றாகவும் ஒன்றை நான்காகவும் மடிக்கச் சொன்னார் டீச்சர். ஆத்தங்குடிக் கல் (அச்சில் வார்க்கும் தரை ஓடு) போடும் பட்டறையில் அப்பா வேலை பார்க்கும் ஒரு பையன் எழுந்து, "அச்சுல மூணு கட்டம் இருந்தா கட்டம் பெருசா இருக்கும், நாலு கட்டம்னா சின்னதாயிடும் டீச்சர்" என்றான். அந்த ஒரு வாக்கியம் வகுப்பு முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. மாநிலம் முழுவதற்கும் எழுதும் பாடநூலில் ஆத்தங்குடி அச்சு இருக்க முடியாது. இருக்கவும் வேண்டாம். அதைப் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டியது பள்ளியின் வேலை. ஆசிரியர் அதைத் தனியாகச் செய்வது கடினம். கூட உட்கார்ந்து யோசிக்க ஒருவர் வேண்டும், அவர் தலைமை ஆசிரியராக இருக்க வேண்டும்.

பொதுப் பாடத்திட்டம் இருக்கும் ஜப்பானில் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கவனிக்கிறார்கள். பிறகு ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சு பாடத்தைப் பற்றியது, நடத்தியவரைப் பற்றியது இல்லை. எனக்கு இது தெரியவந்தபோது ஓய்வு பெற நான்கு ஆண்டுகளே இருந்தன. முதல் ஆண்டிலேயே தெரிந்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு உதவியிருக்கும் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ரங்கூனில் இருந்து திரும்பிய ஒரு பெரியவர் இருந்தார். அங்கே வட்டிக்கடைக்கு முதலில் எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், பிறகு மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகி, கடைசியில் கடையை நடத்தும் மேலாளானதைச் சொல்வார். மேலாள் பேசுவதையும் கணக்குப் பார்ப்பதையும் ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்தே தொழில் கற்றிருக்கிறார்கள். தலைமை ஆசிரியரையோ நாம் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் உட்காரவைத்து, திரையில் படம் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்புகிறோம்.

எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் அடிப்படை தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்தபோது ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சி கொடுத்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலை பார்த்துச் சொல்லித்தரும் நல்ல திட்டம். எங்கள் டீச்சர்கள் போய்த் திரும்பினால் என்ன கற்றார்கள் என்று விசாரிக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. நானே கேட்டு ஒரு பயிற்சியில் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் ஒரு பிள்ளையை அரும்பிலேயே எத்தனை வாரம் வைத்திருப்பது என்று டீச்சர்களோடு பேச முடிந்தது. எந்தப் புதிய பாடமுறை வந்தாலும் ஆசிரியருக்குத் தரும் பயிற்சியில் தலைமை ஆசிரியரும் கூடவே உட்கார வேண்டும். தனியாக ஒரு நாள் 'விளக்கக் கூட்டம்' போதாது.

நான் கேட்பது இதுதான். பயிற்சி பள்ளிக்குள் நடக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கைந்து பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை ஒரு பள்ளியில் கூடட்டும். ஒரு பாடத்தை முழுதாகப் பார்த்து, அங்கேயே பேசட்டும். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் கூட இருக்கட்டும். காளையார்கோவிலில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்தும் ஆள் வரட்டும். ஓராண்டாவது தொடர்ந்து நடக்க வேண்டும்.

ஈராசிரியர் பள்ளிகளை இதில் விட்டுவிடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் வகுப்பெடுக்காத தனித் தலைமை ஆசிரியர். எங்கள் பக்கம் பல ஊர்களில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, பள்ளியில் முப்பது பிள்ளைகள்கூட இல்லை. அங்கே தலைமை ஆசிரியர் மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்திக்கொண்டே சத்துணவுக்கும் பதில் சொல்கிறார், பள்ளி விவரங்களைக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவும் செய்கிறார். அவரைப் போய் இன்னொரு வகுப்பைப் பார் என்றால் எப்படிப் போவார்?

இங்கேதான் நம் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய வள்ளல் அழகப்பர் வழியில் வந்தவர்கள் நீங்கள். கட்டடம் கேட்டால் கட்டித் தருகிறீர்கள், ஸ்மார்ட் போர்டும் வாங்கித் தருகிறீர்கள். இந்த முறை, நான்கைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக எழுத்து வேலை பார்க்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள். தலைமை ஆசிரியரின் மேசையில் இருந்து அந்தக் காகிதங்கள் நகர்ந்தால் அவர் வகுப்புக்குள் போவார். கல்வித் துறையும் இதற்கு அனுமதி தர வேண்டும்.

வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றால், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பக்கம் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறோம். தலைமை ஆசிரியர் பக்கத்துப் பள்ளிக்குப் போகும் அந்த ஒரு நாளில் அவருடைய வகுப்பை நான் எடுக்கிறேன். கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டை எந்த வட்டாரம் என்றாலும் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். முதல் நாள் மாலை எந்தப் பாடம், எந்தப் பக்கம் என்று மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை,
கல்லல் வட்டாரம், சிவகங்கை மாவட்டம்.