மரவாடி நலநிதியின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சென்னையில் சூளையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் உள்ள மரவாடிகளில் சுமை தூக்குவோரும், அறுவை மில் தொழிலாளர்களும், சிறு வியாபாரிகளும் மாதந்தோறும் கட்டிச் சேர்த்த நலநிதியில் ஒரு பகுதியை அமெரிக்க, கனடிய மரக் கம்பெனிகளின் பங்குகளில் போடலாம் என்ற யோசனை உங்கள் முன் இருப்பதாக அறிந்து இதை எழுதுகிறேன். இந்தத் தொழிலில் கணக்கெழுதி வாழ்பவன் என்பதால், அந்த யோசனை எங்கிருந்து பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும். எங்கும் வீட்டுக்குப் பஞ்சம், வீட்டுக்கு மரம் வேண்டும், மரத்தை நாம் அறிவோம் என்ற நம்பிக்கையே அது. அந்த நம்பிக்கையை வைத்து இந்தப் பணத்தைப் போடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

நாம் கண்ணால் காணும் வீட்டுப் பஞ்சம் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இருக்கிறது. அங்கே எழும் அடுக்குமாடிகள் கான்கிரீட்டால் ஆனவை. நிலையும் கதவும் தவிர மரத்துக்கு அங்கே வேலை இல்லை. அவற்றிலும் இரும்பும் யுபிவிசி என்ற பிளாஸ்டிக்கும் புகுந்துவிட்டதை நீங்களே அறிவீர்கள். அமெரிக்காவில் சுவரின் எலும்புக்கூடே பைன் மரச் சட்டம்தான். ஆனால் அங்கும் வீடு தேவைப்படுவது வேறு, வீடு கட்டப்படுவது வேறு. 2023 அக்டோபரில் முப்பதாண்டு வீட்டுக்கடன் வட்டி ஏறத்தாழ 8 சதவீதத்தைத் தொட்டபோது, வீடில்லாதவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடவில்லை. கடன் வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கைதான் குறைந்தது. மில்லுக்கு ஆர்டர் தருபவர்கள் இந்த இரண்டாம் வகையினர்.

விலையைப் பாருங்கள். சிகாகோ முன்பேரச் சந்தையில் ஆயிரம் போர்டு அடி மரம், அதாவது நம் கணக்கில் சுமார் 83 கனஅடி, 2021 மே மாதம் 1,600 டாலருக்கு மேல் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் 500 டாலருக்குக் கீழே வந்தது. அந்த ஏற்றத்தின் லாபம் பெரும்பாலும் அறுவை மில்களுக்குப் போனதே தவிர, காடு வைத்திருந்தவர்களுக்குப் போகவில்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களில் 2008 வீழ்ச்சிக்குப் பின் வெட்டாமல் விட்ட பைன் மரங்கள் அளவுக்கு மீறி நின்றதால், அங்கே நிற்கும் மரத்தின் விலை பெரிதாக அசையவில்லை. ஆகவே ‘மரக் கம்பெனி’ என்று ஒரே பெயரில் பேசுவது சரியல்ல. வேயர்ஹாசர் என்ற அமெரிக்கக் கம்பெனி பெருங்காடுகளும் மில்களும் வைத்திருக்கிறது. கனடிய மில்களோ பெரும்பாலும் அரசுக் காடுகளின் தடியை, அதாவது அறுக்காத உருட்டு மரத்தை, நம்பியவை. இரண்டின் லாபமும் ஒரே காரணத்தால் ஏறுவதில்லை.

ஏற்றுமதி நிலவரம் இன்னும் நிலையற்றது. அமெரிக்க மேற்குக் கரைத் தடிக்கு நெடுங்கால வாடிக்கையாளரான ஜப்பானில், 1990இல் 17 லட்சத்தைத் தாண்டியிருந்த புதுவீட்டுத் தொடக்கங்கள் 2024இல் 8 லட்சத்துக்கும் கீழே இறங்கின. சீனாவின் பெரிய வீடுகட்டும் கம்பெனியான எவர்கிராண்டே 2021இல் கடன் தவணை தவறியதிலிருந்து சீனக் கட்டுமானம் மீளவில்லை. 2025 மார்ச்சில் சீனா அமெரிக்கத் தடி இறக்குமதியையே நிறுத்தி, நவம்பரில் மீண்டும் அனுமதித்தது. கனடிய மரத்துக்கு அமெரிக்கா விதிக்கும் வரி, 2025 அக்டோபரில் சேர்ந்த 10 சதவீதத்தோடு மொத்தம் ஏறத்தாழ 45 சதவீதமாயிற்று. குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் இறங்கும் நியூசிலாந்து பைனின் விலை சீனாவின் கொள்முதலைப் பார்த்து அசைவதை நம் வியாபாரிகள் அறிவார்கள். ஆனால் அவர்கள் அன்றைய விலைக்கு வாங்கிச் சில மாதங்களில் விற்றுவிடுகிறார்கள். பங்கு வாங்கியவர் பல ஆண்டுகள் இந்த அலைச்சலைத் தாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனிநபருக்கு மட்டுமே உரிமை உண்டு. அறக்கட்டளைக்கோ கூட்டு நிறுவனத்துக்கோ கிடையாது. அப்படியானால் நிதியின் பணம் உங்களில் ஒருவர் பெயரில்தான் போக வேண்டியிருக்கும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் காலமாகிவிட்டால் அந்தப் பங்குகள் அவருடைய வாரிசுகளின் சொத்தாகவே பார்க்கப்படும். அவர் பெயரிலுள்ள அமெரிக்கப் பங்குகளின் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டினால் அந்நாட்டின் மரணச் சொத்து வரியும் குறுக்கே வரும். சுமை தூக்குபவரின் சேமிப்பை இந்த நிலையில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

மரவாடி உரிமையாளர் தம் சொந்த உபரியை, காத்திருக்க முடிந்த பணத்தை, தெரிந்தே போடுவதை நான் தடுக்கவில்லை. நலநிதியின் பணம் காத்திருக்க முடியாதது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டுமானம் நின்று லோடு குறையும்போதும், தடி உருண்டு கால் முறியும்போதும் தொழிலாளி அதைக் கேட்டு வருகிறார். அன்று பங்கு பாதி விலையில் இருந்தாலும் விற்றுத்தான் கொடுக்க வேண்டும்.

எனவே இந்த யோசனையைக் கைவிட்டு, நிதியைப் பொதுத்துறை வங்கி வைப்பிலேயே தொடருங்கள். விவாதம் வேண்டும் என்று கருதினால், எந்தக் கம்பெனி, யார் பெயரில், எவ்வளவு, எப்போது திரும்பும் என்பதைத் தமிழில் எழுதி, பணம் கட்டிய ஒவ்வொருவர் கையிலும் கொடுத்த பிறகே பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

இப்படிக்கு,
மரவாடிக் கணக்கர் ஒருவர்,
சூளை