எலிக்குப் போர்வையா என்று கேட்டவளுக்கு

கிருஷ்ணகிரி
ஞாயிறு மதியம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் வேலை இல்லை, கோபம்தான். "உள்ளங்கை அகலத்துக்குப் போர்வை தைக்கிறாயாமே, யாருக்கு, எலிக்கா?" என்று கேட்டிருந்தாய். இரண்டு நாள் முறைப்பாகவே திரிந்தேன். மூன்றாம் நாள் தோசை ஊற்றும்போது நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

நாங்கள் பத்துப் பேர். ஓசூரில் இருக்கும் ஒரு டீச்சர் ஆரம்பித்து வைத்தார். எங்கள் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார். எனக்கு வரும் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு நான் கையால் ஒன்று செய்து அனுப்ப வேண்டும். எனக்கு வேறு யாரோ செய்வார்கள், பார்சலைப் பிரிக்கும்வரை அது யார் என்று தெரியாது. போன தடவை ஊசி குத்தி வைக்கும் மெத்தை. இந்தத் தடவை குட்டிக் குவில்ட். மேலே ஒட்டுத்துணி, அடியில் ஒரு துணி, நடுவில் மெத்தென்று ஏதாவது, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். நம் பாட்டிகள் பழைய சேலையை நாலாக மடித்துத் தைத்துக் குழந்தையைப் போடுவார்களே, அதற்குச் சீமையில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்.

என்னுடையது 9 அங்குலத்துக்கு 9 அங்குலம். உள்ளங்கை இல்லை, தோசைத் திருப்பியை வைத்தால் பிடி வெளியே நிற்கும், அவ்வளவு.

நான் எடுத்துக்கொண்ட மாதிரிக்கு 'லாக் கேபின்' என்று பெயர், மரக்கட்டை வீடு. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். அமெரிக்காவில் 1860களில் பரவிய பழைய மாதிரி. நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது வழக்கம், அதுதான் வீட்டு அடுப்பாம். சுற்றியிருக்கும் பட்டைகளில் பாதி வெளிர் நிறம், பாதி அடர் நிறம். சதுரமும் பட்டைகளும் சேர்ந்தது ஒரு கட்டம். கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் வேறு வேறு கோலம் வரும். கோடு கோடாகச் சாய்ந்து ஓடும் ஒரு அடுக்குக்கு 'ஸ்ட்ரெயிட் ஃபர்ரோ' என்கிறார்கள், நேரான உழவுச்சால். மழை பெய்து ஓட்டிப்போட்ட உங்கள் மாரண்டஅள்ளிக் கொல்லை நினைவுக்கு வந்தது, அதையே பிடித்துக்கொண்டேன்.

சின்னதாகத் தைத்தால் வேலையும் சின்னதாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். துணி சின்னதாகிறது, தையலுக்கு விடும் துணி மட்டும் சின்னதாக மாட்டேன் என்கிறது. பட்டை கால் அங்குலம் தெரிய வேண்டுமானால் இரண்டு பக்கமும் கால் கால் விட்டு முக்கால் அங்குலம் வெட்ட வேண்டும். வெளியே தெரிவதைப்போல இரண்டு மடங்கு உள்ளே ஒளிந்துகொள்கிறது! ஒவ்வொரு தையல் போட்டதும் உள்பக்கத்தை அரைக்கால் அங்குலத்துக்குக் கத்தரித்துவிட வேண்டும், இல்லையென்றால் கட்டம் ரவா உருண்டை மாதிரி உப்பிவிடும். நடுச் சதுரம் அரை அங்குலம், சுற்றிலும் மூன்று சுற்றுப் பட்டை, ஆக ஒரு கட்டம் 2 அங்குலம், அதற்கு 13 துண்டு. எனக்கு 16 கட்டம். 208 துண்டு! வெட்டி வைத்ததை ஃபேன் காற்று ஒரு தடவை அள்ளிக்கொண்டு போயிற்று. பீரோ அடியில் படுத்து இடுக்கியால் பொறுக்கினேன், வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

இவ்வளவு பொடியை நேராகத் தைக்க ஒரு தந்திரம் இருக்கிறது. தாளில் கோடு போட்டு, துணியைத் தாளின் மறுபக்கம் வைத்து, கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டுவது. தையலைப் பொடியாக வைத்துக்கொண்டால் ஊசி குத்திய வரிசையில் தாள் பிறகு சுலபமாகக் கிழிந்து வரும், தபால்தலை பிரிப்பதுபோல. நம் தையல் டீச்சர் பழுப்புத் தாளில் குட்டி ஜப்லா வெட்டி நோட்டில் ஒட்டச் சொல்வாரே, நீ கை வைக்க ஓட்டை விடாமல் ஒட்டினாயே! அந்த வயதிலேயே எலிக்கு உடுப்பு தைத்தவள் நீ, என்னைக் கேட்கிறாய்.

துணிக்குப் பர்கூர் போனேன். சேலைக் கடைகளுக்கு நடுவில் கட் பீஸ் தேடி அலைந்ததில் கால் வீங்கியதுதான் மிச்சம். பெரிய பூப்போட்ட துணி இதற்கு ஆகாது, கால் அங்குலத்தில் பூ தெரியாது, கறை மாதிரி ஏதோ தெரியும். பொடிப் புள்ளி, பொடிக் கட்டம், இவைதான் உதவும். நடுவில் வைக்கப் பஞ்சும் வேண்டாம், வெள்ளை பிளனல் போதும்.

எல்லாம் சரியாக வந்து கடைசியில் கெடுத்தேன். அடுப்புச் சதுரத்துக்கு வீட்டில் கிடந்த சிவப்பு ரவிக்கை பிட்டை நனைக்காமலே வெட்டியிருந்தேன். ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தேன், எடுத்துப் பார்த்தால் பதினாறு அடுப்பில் ஏழில் சாயம் இறங்கிப் பக்கத்து வெள்ளைப் பட்டையெல்லாம் ரோஸ். புதுத்துணியை ஊறப்போட்டு அலசு என்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன்! அந்த ஏழையும் புதிதாகத் தைத்தேன். என் சீட்டில் வந்த நாகர்கோவில் அம்மாளுக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் சுவரில் மாட்டிப் படம் அனுப்பினார்.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். எனக்கு வந்தது திருப்பூரிலிருந்து. பனியன் துணியில் ஒன்பதே ஒன்பது சதுரம். பனியன் துணி இழுபடும் இல்லையா, ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் கோணி நின்றது. ஓரத்தை மடிக்கவில்லை, பசை. மொய் நோட்டைப் பிரித்து 'நாம் எவ்வளவு வைத்தோம், இவர்கள் எவ்வளவு வைத்தார்கள்' என்று பார்ப்போமே, அதே கணக்கை மனசுக்குள் போட்டேன். டீச்சருக்குப் போன் செய்து புலம்பவும் புலம்பினேன். "சரி, பேசாமல் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

வைத்துக்கொண்டேன். ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும், அது தொட மெத்தென்று இருக்கிறது. என்னுடையது அத்தனை தையலும் சேர்ந்து அட்டை மாதிரி விறைத்துவிட்டது, சுவரைத் தவிர வேறு எதற்கும் ஆகாது. திருப்பூர்க்காரி போர்வையில்தான் இப்போது ராத்திரி என் மூக்குக் கண்ணாடி தூங்குகிறது. யாருக்குப் போர்வை என்று கேட்டாயே, இதுதான் பதில்.

அடுத்த சுற்றுக்கு இவ்வளவு பொடி வேண்டாம் என்றிருக்கிறேன். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி என்ற இனத்துப் பெண்கள் கவந்தி என்று ஒரு ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். லாக் கேபின் நடுவிலிருந்து வெளியே போகும், அது ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே வரும். பழந்துணியைக் கிடைத்த அளவிலேயே வைத்து, தாளும் அளவுகோலும் இல்லாமல் கையாலேயே தைக்கலாம். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணி வைப்பார்கள், அதைப் பூ என்கிறார்கள். அது இல்லாமல் போர்வை முழுமையாகாதாம். மூலையைச் சரிசெய்யத் திணறும் எனக்கு அந்தப் பூ ரொம்பவே பிடித்துவிட்டது.

உங்கள் பக்கம் தக்காளி என்ன விலை போகிறது? இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்த்தால் மட்டும் போதாது, டாக்டரைப் பார். சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளா என்று நீ எழுதவே இல்லை.

அப்புறம் ஒன்று. உன் பச்சைச் சுங்குடிச் சேலை முந்தானையில் கிழிந்துவிட்டது என்றாயே, அந்தப் புள்ளி கவந்திக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். பாத்திரக்காரனிடம் போட்டுவிடாதே. அவன் ஒரு டிபன் பாக்ஸுக்கு மேல் தரமாட்டான். அடுத்த மாதம் கல்யாணத்துக்கு வரும்போது எடுத்து வா, நனைத்து அலசிக் கொண்டு வா.

உன்,
பழைய பெஞ்சுக்காரி