கண்டி யுத்த மயானக் களப்பயணம்: தரம் 9 பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வரலாற்றுப் பாடத்துக்காகத் தரம் 9 பிள்ளைகளை அடுத்த வெள்ளிக்கிழமை கண்டி யுத்த மயானத்துக்கு அழைத்துச் செல்கிறோம். பஸ் காலை 5.30க்கு ஹற்றனிலிருந்து புறப்படும். பிள்ளைகள் இதைச் சுற்றுலா என்று சொல்லித் திரிகிறார்கள். பாதிநாள் எழுத்துவேலை இருக்கிறது.

தனியாக வந்து சேரும் பெற்றோர் கவனிக்க: தலதா மாளிகைக்கு அருகே பழைய வெள்ளைக்காரர் மயானம் ஒன்று உண்டு. விசாரித்தால் பலர் அங்கேதான் அனுப்புவார்கள். நாம் போவது தேவனி ராஜசிங்க மாவத்தை. தெருப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை.

அங்கே அடக்கமானவர்கள் இரண்டாம் உலக யுத்தக் காலத்தவர்கள்: பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், கனடியர், இந்தியர், நம் நாட்டவரும்கூட. "கண்டியில சண்டை நடந்ததா?" என்று வீட்டில் கேட்பார்கள். இல்லை. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. தரைப்போர் இங்கே நடக்கவில்லை. ஆனால் 1944இல் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். முகாம்களில் நோயாலும் விபத்தாலும் இறந்தவர்களும் இங்கே கிடக்கிறார்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல்லை மட்டும் படித்து எழுத வேண்டும்: படை இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, வயது. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். இலக்கத்தை ஆண்டு என்று நினைப்பதும், பதவியின் சுருக்கத்தைப் பெயரோடு சேர்த்து எழுதுவதும் வழக்கமான பிழைகள். அதிகாரிகளின் கல்லில் பெரும்பாலும் இலக்கம் இராது. வீட்டாரிடமிருந்து தகவல் வராதவர்களுக்கு வயதும் விடுபட்டிருக்கும். அந்த இடத்தை வெறுமையாக விடட்டும், ஊகித்து நிரப்ப வேண்டாம். ஆங்கில மாதப் பெயர்களை இந்த வாரமே வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்க்கக் கூடாது, எழுத்து தேய்ந்துபோகும்.

பூ கொடுத்தனுப்பலாம், ஆனால் பொலித்தீன் சுற்றாமல். கற்பூரம், ஊதுவத்தி, மெழுகுதிரி வேண்டாம். சூடும் புகையும் கல்லில் கறையாகப் படியும்.

கினிகத்தேனை வளைவுகளில்தான் பிள்ளைகள் வாந்தியெடுப்பார்கள். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இரண்டு ரொட்டி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். மாத்திரை கொடுப்பவர்கள் புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள், வளைவு தொடங்கியபின் கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். பகல் சாப்பாட்டில் தேங்காய்ச் சம்பல் வைக்க வேண்டாம். கண்டி நம்மூரைவிடச் சூடு, மூடிவைத்த பார்சலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். பருப்பும் கருவாட்டுப் பொரியலும் தாங்கும். மயானத்துக்குள் சாப்பிட விடமாட்டோம். பிறகு பேராதனைப் பூந்தோட்டத்தில் சாப்பிடலாம்.

அதிகாலைக் குளிருக்குச் சுவெட்டர், ஒரு குடை, ஒரு போத்தல் தண்ணீர். புல் ஈரமாக இருக்கும் என்பதால் செருப்பு வேண்டாம், சப்பாத்து போடட்டும். பின்னேரம் மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்குமுன் ஏறிவிட வேண்டும் என்பதால் 3 மணிக்கே திரும்புவோம். இரவு 7க்குப் பாடசாலை வாசலில் யாராவது பெரியவர் நிற்க வேண்டும், தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்குத் தனியே நடந்து போக அனுமதிக்கமாட்டோம்.

கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் செவ்வாய்க்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வர வேண்டும். மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் மருந்தின் பெயரைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்